கொல்லையில் உழைப்பவருக்கு நடைப்பயிற்சி எதற்கு? இரத்தக் குழாய்களின் வயதைப் பற்றி ஒரு பதில்

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவரின் அப்பாவுக்கு வயது 61. தக்காளி, கேழ்வரகு, கொஞ்சம் மா என்று வாழ்நாள் முழுவதும் கொல்லையில் உழைத்தவர். பீடி, சாராயம் எதுவும் கிடையாது, சர்க்கரையும் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தபோது இரத்த அழுத்தம் 158/76. ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "இரத்தக் குழாய் விறைத்துப்போயிருக்கிறது, தினமும் நடங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். "நாள் முழுக்கக் கொல்லையில் நடக்கிறவன், சாயங்காலம் ரோட்டில் கையை வீசிக்கொண்டு வேறு நடக்க வேண்டுமா?" என்பது அப்பாவின் கேள்வி. "நடந்தால் குழாயின் வயது உண்மையிலேயே குறையுமா, அல்லது சும்மா சொல்கிறார்களா?" என்பது ஓசூரில் நாற்காலி வேலை பார்க்கும் 35 வயது மகனின் கேள்வி.

அப்பாவின் கேள்வி எகத்தாளமாக ஒலித்தாலும் இரண்டில் அதுதான் கனமானது. அதற்கு வரும்முன் மகனுக்கு ஒரு சுருக்கமான பதில். மூச்சு வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து நடப்பது, ஓடுவது, சைக்கிள் மிதிப்பது, நீந்துவது ஆகியவற்றை ஏரோபிக் பயிற்சி என்கிறோம். இது இரத்தக் குழாயின் உட்படலத்தை இரண்டு மூன்று மாதங்களில் நன்றாகவே திருத்துகிறது. குழாயின் சுவரை மெதுவாக, ஓரளவே திருத்துகிறது. ஏற்கெனவே நன்றாக விறைத்துவிட்ட சுவரைக் குறுகிய காலத்தில் அநேகமாகத் திருத்துவதில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "நடந்தால் நரம்பெல்லாம் இளமையாகிவிடும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். "அறுபதுக்குமேல் நடந்து என்ன ஆகப்போகிறது" என்பவர்களையும் நம்ப வேண்டாம்.

158/76 என்றதும் எல்லாரும் 158-ஐப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள 82-ஐ. நல்ல இளமையில் இந்த இடைவெளி 40-ஐ ஒட்டி இருக்கும். மேல் அழுத்தம் ஏறி, கீழ் அழுத்தம் ஏறாமலோ இறங்கியோ இருந்தால், பெரிய தமனிகள் விறைத்துவிட்டன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உங்கள் மருத்துவர் எந்தக் கருவியும் இல்லாமல் சொன்னது இதை வைத்துத்தான், சரியாகவே சொல்லியிருக்கிறார்.

காரணம் எளிது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை, தன்னிடமிருந்து கிளம்பும் மிகப் பெரிய தமனியான மகாதமனிக்குள் தள்ளுகிறது. இளமையான மகாதமனி அதை வாங்கிக்கொண்டு விரிகிறது. ஏறத்தாழப் பாதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. இதயம் அடுத்த துடிப்புக்கு முன் ஓய்வெடுக்கும்போது, விரிந்த மகாதமனி சுருங்கி அந்தப் பாதியை முன்னே அனுப்புகிறது. இதனால் துடிப்பின்போது அழுத்தம் மிகவும் ஏறுவதில்லை, ஓய்வின்போது மிகவும் இறங்குவதும் இல்லை. விறைத்த மகாதமனி விரியாது. மொத்த இரத்தமும் ஒரே வீச்சில் பாய்கிறது. மேல் எண் எகிறுகிறது. நிறுத்தி வைத்தது எதுவும் இல்லாததால் கீழ் எண் தாழ்கிறது. இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் போகிறது என்பதால், கீழ் எண் தாழ்வதும் நல்ல செய்தி அல்ல. இந்த முரட்டு வீச்சில் அதிகம் அடிபடுபவை மூளையும் சிறுநீரகமும். அவற்றின் சிறு குழாய்கள் எப்போதும் அகலத் திறந்திருப்பவை. வருகிற அடியைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

விறைப்பை நேராக அளக்கவும் முடியும். கழுத்துத் தமனியில் துடிப்பு தட்டுப்படும் நேரத்துக்கும் தொடையிடுக்குத் தமனியில் தட்டுப்படும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, துடிப்பலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணக்கிடுவார்கள். இருபதுகளில் அது வினாடிக்கு 6 மீட்டர் அளவில் இருக்கும். 10 மீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்பது 2012-இல் ஐரோப்பிய நிபுணர்கள் ஒப்புக்கொண்ட கோடு. விறைத்த பொருளில் அலை வேகமாக ஓடும் என்பதுதான் இதற்கு அடிப்படை. அன்றாடச் சிகிச்சையில் இதை அளப்பது அரிது. உங்கள் அப்பாவுக்கு இதைத் தேடிக்கொண்டு பெங்களூருக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

சுவர் ஏன் விறைக்கிறது? மகாதமனிச் சுவரின் நெகிழ்ச்சிக்குக் காரணம் எலாஸ்டின் என்ற புரதம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவான எலாஸ்டினை வைத்துத்தான் நாம் ஆயுள் முழுவதும் ஓட்டுகிறோம். பெரியவர்களான பிறகு அது பெயரளவுக்கே புதிதாக உண்டாகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம். 60 ஆண்டுகளில் 220 கோடி முறை விரிந்து சுருங்கியிருக்கிறது உங்கள் அப்பாவின் மகாதமனி. அந்த இழைகள் அறுபடாமல் இருந்தால்தான் வியப்பு. அறுந்த இடத்தை உடல் கொலாஜன் வைத்து அடைக்கிறது. கொலாஜன் உறுதியானது, நெகிழாதது. போதாக்குறைக்கு இரத்தத்திலுள்ள சர்க்கரை கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளின் தமனிகள் வயதுக்கு முந்தியே விறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலில் காய்ந்து விறைத்துப்போன சொட்டுநீர்க் குழாய் என்று நம் பக்கத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பார்கள். பாதிதான் சரி. சொட்டுநீர்க் குழாய்க்குத் தனக்குள் ஓடும் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியாது. தமனிக்கு இரத்தத்தின் ஓட்டம் தெரியும். தமனியின் உட்புறத்தில் ஒரே ஓர் உயிரணு அடுக்குக் கனத்தில் எண்டோதீலியம் என்ற படலம் ஒன்று இருக்கிறது. இரத்தம் உரசிக்கொண்டு ஓடும் வேகத்தை இந்த உயிரணுக்கள் உணர்கின்றன. உணர்ந்ததும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரக்கின்றன. அந்த வாயு சுவரிலுள்ள தசையைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது. இரத்தம் உறைந்து ஒட்டாமல் காப்பதும், கொழுப்பும் வெள்ளணுக்களும் சுவருக்குள் நுழையாமல் தடுப்பதும்கூட இதன் வேலைதான். நைட்ரிக் ஆக்சைடின் இந்தப் பங்கைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயதாகும்போது இந்தப் படலம் மந்தமாகிறது. நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது குறைகிறது என்பது ஒன்று. சுரந்ததும் வேலை செய்வதற்குள் அழிந்துபோகிறது என்பது இன்னொன்று. ஆக்சிஜனின் வீரிய வடிவமான சூப்பராக்சைடு அதைச் சிதைத்துவிடுகிறது. இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. உட்கார்ந்தே வாழ்ந்த முதியவர்களுக்கு வைட்டமின் சி-யை நரம்பு வழியாக நிறையச் செலுத்தி, முழங்கையில் பட்டை கட்டி இரத்தத்தைச் சில நிமிடம் நிறுத்தி, பிறகு திறந்துவிட்டு, தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். மந்தமாக இருந்த தமனி இளைஞர்களுடையதைப்போல் விரிந்தது. அதே வயதில், ஆண்டுக்கணக்காக ஓடிப் பழகிய முதியவர்களுக்கும் அதே வைட்டமினைச் செலுத்தினார்கள். அவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. ஏனென்றால் திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. அவர்களுடைய தமனிகள் ஏற்கெனவே இளைஞர்களுடையதைப்போல்தான் விரிந்துகொண்டிருந்தன.

உடனே வைட்டமின் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். நரம்பில் செலுத்தியதன் விளைவு சில மணி நேரம். வாயால் விழுங்கும் மாத்திரை இரத்தத்தில் அந்த அளவை எட்டாது. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை இளமை மருந்தாக விற்கிறார்களே, டென்மார்க்கில் 2013-இல் முதிய ஆண்கள் சிலரை உடற்பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்கு அதையும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காதவர்களுக்குக் கிடைத்த நன்மையில் ஒரு பகுதி, கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பயிற்சியின்போது சிறிதளவு உண்டாகும் சூப்பராக்சைடு போன்ற வீரிய ஆக்சிஜன்தான் உடலைத் தன் சொந்தப் பாதுகாப்பைக் கட்டிக்கொள்ளத் தூண்டுகிறது. மாத்திரை அந்தத் தூண்டுதலையும் சேர்த்து அணைத்துவிட்டது என்பது அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இனிப் பயிற்சி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. கடுமையாக ஓடும்போது அது 15, 20 லிட்டர் வரை போகும். விறுவிறுப்பான நடையில் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் ஆகலாம். அந்த வெள்ளம் உட்படலத்தைச் சீராக உரசிக்கொண்டு ஓடுகிறது. நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதி விழித்துக்கொள்கிறது, சூப்பராக்சைடைச் சமாளிக்கும் நொதிகளும் கூடுகின்றன. நடப்பது கால் என்றாலும் கையிலுள்ள தமனியும் திருந்துகிறது. ஓட்டம் உடல் முழுக்கப் பெருகுவதால் பலனும் உடல் முழுக்கப் பரவுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. அதுவரை உடற்பயிற்சியே செய்யாத நடுத்தர வயது ஆண்களையும் முதியவர்களையும் மூன்று மாதம் நடக்க வைத்தார்கள். ஓடக்கூட இல்லை, பெரும்பாலும் நடைதான். ஓர் ஆய்வில் உட்படலத்தின் விரிக்கும் திறன் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. இன்னொன்றில் கழுத்துத் தமனியின் நெகிழ்வு ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியது. எடையும் கொழுப்பும் பெரிதாக மாறாமலே நடந்தது இது. மூன்று மாதத்தில் எலாஸ்டின் புதிதாக முளைத்துவிடாது. எனவே இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு சுவரிலுள்ள தசை தளர்ந்ததாலும் உட்படலம் திருந்தியதாலும் வந்திருக்க வேண்டும்.

இவர்கள் எல்லாரும் ஆரோக்கியமானவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் அப்பா இருக்கும் நிலை, அதாவது மேல் அழுத்தம் மட்டும் ஏறிய நிலை, வேறு. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்டவர்களுக்கு 8 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் உடலின் தெம்பு கூடியது, பெருந்தமனியின் விறைப்பு இம்மியும் அசையவில்லை. ஜெர்மனியில் 60 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுவந்த இதே வகை நோயாளிகளை 12 வாரம் டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். 2007-இல் முடிவு வந்தது. விறைப்பு அங்கேயும் மாறவில்லை. ஆனால் உட்படலம் தெளிவாகத் திருந்தியது. நாள் முழுக்க அளந்த மேல் அழுத்தத்தின் சராசரி ஏறத்தாழ 8 அலகு இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது. உங்கள் அப்பாவுக்கு நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். சுவர் அப்படியே இருக்கலாம். சிறு தமனிகள் தளர்ந்து, அழுத்தம் இறங்கி, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் அடி குறையும்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். உழைப்பு போதாதா?

உழைப்பு காக்கும் என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர் ஜெர்ரி மாரிஸ். லண்டனின் இரட்டை அடுக்கு பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-இல் அவர் வெளியிட்டார். அது உடற்பயிற்சி அல்ல, பிழைப்பு. இன்னும் அழுத்தமான சான்று பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்கள். வேட்டை, மீன்பிடிப்பு, காடு திருத்திப் பயிர் செய்தல் என்று ஆண்கள் நாளுக்கு 6, 7 மணி நேரம் அசைந்துகொண்டே இருப்பவர்கள். அவர்களில் எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் இதயத் தமனிகளை ஸ்கேன் செய்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 85 விழுக்காட்டினரின் தமனிகளில் சுண்ணாம்புப் படிவே இல்லை. 80 வயதுச் சிமானே முதியவரின் தமனி, ஐம்பதுகளில் இருக்கும் அமெரிக்கருடையதைப்போல் இருந்தது.

அப்படியானால் உங்கள் அப்பா சொல்வதுதான் சரியா? அங்கேதான் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் குறுக்கே வருகிறது. அந்நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021-இல் வந்த ஆய்வு இது. ஓய்வு நேரத்தில் நடந்தவர்களுக்கும் ஓடியவர்களுக்கும் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. வேலையில் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கோ அவை கூடின. வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் கூடின. எல்லாரும் இதை ஏற்கவில்லை. கடும் வேலை செய்பவர்களின் வாழ்க்கையில் கணக்கில் வராத சிரமங்கள் எத்தனையோ உண்டு என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் உடலியங்கியல் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இல்லை.

எல்லா உழைப்பும் தமனிக்கு ஒன்றல்ல. தக்காளிக் கிரேட்டை மூச்சைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது தசை இறுகி உள்ளே இருக்கும் குழாய்களை நசுக்குகிறது. ஓட்டம் பெருகுவதில்லை, அழுத்தம் மட்டும் எகிறுகிறது. கனடாவில் 1985-இல் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். இரு கால்களாலும் பெரும் பளுவைத் தள்ளும்போது அவர்களின் அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. உங்கள் அப்பா அவ்வளவு தூக்கப்போவதில்லை. ஆனால் உடலுக்குள் நிகழ்வது அதேதான். உட்கார்ந்து களை எடுப்பது, முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு பாத்தி பாத்தியாக நகர்வது, செடிக்குக் குச்சி நடுவது எல்லாம் உடம்பைக் களைக்க வைக்கின்றன. வெயில் சேர்ந்தால் வியர்த்து ஊற்றுகிறது. ஆனால் இதயம் 30 நிமிடம் தொடர்ந்து உயர்ந்த கதியில் ஓடுவது அவற்றில் அபூர்வம். களைப்பும் வியர்வையும் தமனியின் கணக்கில் வரவு ஆவதில்லை. தடையில்லாமல் பெருகி ஓடும் இரத்தம் மட்டுமே வரவாகிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அப்பா சொல்லும் உழைப்பு அவருடைய 30 வயது உழைப்பு. மாட்டை ஓட்டிக் கவலை இறைத்த காலம் போய் மோட்டார் வந்தது; இப்போது மோட்டாரையும் செல்போனில் போடுகிறார்கள். உழவுக்கு டிராக்டர், கொல்லைக்குப் போக மொபெட், தண்ணீர் கட்டச் சொட்டுநீர்க் குழாய். வரப்பில் நின்று ஆட்களை மேய்ப்பதும் வேலைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிமானே வேட்டைக்காரனோடு அதை ஒப்பிட முடியாது. சிமானேக்களிலும் காக்கும் வேலையை அதிகம் செய்வது பளு தூக்குவது அல்ல, ஓயாமல் நடப்பது.

ஆகவே அப்பாவிடம் "வேலை போதாது, கூடுதலாக நடங்கள்" என்று சொல்லாதீர்கள். கோபம்தான் வரும். மொபெட்டை வீட்டில் நிறுத்திவிட்டுக் கொல்லைக்கு விறுவிறுவென்று நடந்து போகச் சொல்லுங்கள். கொல்லை பக்கத்திலேயே இருந்தால் சுற்றிக்கொண்டு போகட்டும். இடையில் நிற்காமல் 30 முதல் 40 நிமிடம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. வேகத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை. அட்டெனலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது என்பதால், அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்புவதைவிட இதை நம்புவது மேல்.

வாரத்தில் எத்தனை நாள் என்பது பலரும் நினைப்பதைவிட முக்கியம். டெக்சாஸில் 60 வயதைத் தாண்டிய 102 பேரை, வாழ்நாளில் எவ்வளவு அடிக்கடிப் பயிற்சி செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். வாரம் 2, 3 நாள் செய்துவந்தவர்களுக்கு நடுத்தரத் தமனிகள் மட்டும் இளமையாக இருந்தன. 4, 5 நாள் செய்துவந்தவர்களுக்குத்தான் மகாதமனி போன்ற பெருந்தமனிகளும் நெகிழ்வாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறி வியர்த்துவிட்டு வருவது மனதுக்கு நல்லது. மகாதமனி அதைப் பொருட்படுத்தாது.

அரசு 2023-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். நல்ல முயற்சி, 8 கிலோமீட்டர் என்று கேட்டதும் பலர் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. ஒரு நாளைக்கு மூன்று கிலோமீட்டர் விறுவிறுப்பாக நடந்தால் முதல் எண்ணை எட்டிவிடலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது: ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பல தலைமுறை குடித்த ஊர்கள் இங்கே நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல்லில் பழுப்புக் கறை எல்லாருக்கும் தெரியும். முழங்கால், இடுப்பு, முதுகெலும்பு இறுகுவதை "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். துருக்கியில் இதே நோய் உள்ள பகுதி ஒன்றில் 2010-இல் பார்த்தபோது, ஃபுளோரைடு பாதிப்பு உள்ளவர்களின் மகாதமனி நெகிழ்வு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்குமேல் அந்த ஆய்வு எதையும் நிறுவவில்லை. ஆனாலும் நடக்க முடியாதபடி மூட்டு இறுகிய ஒருவரைப் பார்த்து "நட" என்பது வெறும் அதட்டல். அவர்களுக்குச் சைக்கிள் நல்லது. இறங்கத் தோதான கிணறோ ஏரியோ இருந்து, நீந்தவும் தெரிந்தால் அதைவிட நல்லது. குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும், ஆழ்துளைக் கிணறு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதற்குத் திரும்பக் கூடாது.

அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்களில் உட்படலம் திருந்துவதைப்போல், ஈஸ்ட்ரோஜன் குறைந்த பெண்களில் அது பயிற்சியால் நிச்சயமாகத் திருந்துகிறது என்று சொல்ல முடியவில்லை. சில ஆய்வுகளில் அசையவே இல்லை. ஆனால் மூன்று மாத நடையில் அவர்களுக்கும் கழுத்துத் தமனியின் நெகிழ்வு கூடியிருக்கிறது. பலன் வேறு வாசல் வழியாக வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ரேஷன் கடைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடப்பதைக் கணக்குக் காட்டி அம்மாவை விட்டுவிடாதீர்கள். அவரையும் அப்பாவோடு கிளப்பிவிடுங்கள்.

அடுத்து நீங்கள். சுவர் விறைத்த பிறகு அதைத் திருத்துவது கடினம் என்று மேலே சொன்னதன் மறுபக்கம் உங்களுக்குத்தான் பொருந்தும். லண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடப் பயிற்சி எடுத்த 138 பேரை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். வயது 21 முதல் 69 வரை, ஆரோக்கியமானவர்கள். சுமார் ஆறு மாத இடைவெளியில் மகாதமனியின் விறைப்பு ஏறத்தாழ 4 வயது குறைந்ததற்குச் சமமாக இறங்கியது; மேல் அழுத்தமும் 4 அலகு இறங்கியது. இது 2020-இல் வெளிவந்தது. பயிற்சியை நிறுத்தினால் உட்படலம் சில வாரங்களிலேயே பழையபடி மந்தமாகத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருப்பதற்கென்று தனிக் கெடுதியும் உண்டு. தொடர்ந்து ஆறு மணி நேரம் உட்கார்ந்த இளைஞர்களுக்கே முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியின் விரியும் திறன் அடிபட்டுப்போகிறது. மடங்கிய காலில் ஓட்டம் தேங்குவதுதான் காரணம். எழுந்து பத்து நிமிடம் நடந்ததும் அது திரும்பிவிட்டது. காலையில் ஓடிவிட்டேன் என்பதற்காக மாலைவரை நாற்காலியில் அசையாமல் இருக்கலாம் என்று ஆகாது. மணிக்கு ஒரு முறை எழுந்து, தண்ணீர் பிடிக்கவாவது ஐந்து நிமிடம் நடங்கள். ஓசூரின் காலைக் குளிர் தருமபுரிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி. அதைத் தூங்கியே கழிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கும் இடது கைக்கும் வலி பரவினாலோ, அளவுக்கு மீறி மூச்சு முட்டினாலோ உடனே நின்று மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுப்போனால், அது காலின் தமனி சுருங்கியதற்கு அறிகுறி. சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள். முதல் இரண்டு வாரம் 15 நிமிடம் போதும். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது. நடையால் அழுத்தம் இறங்கினால் அளவைக் குறைப்பது மருத்துவரின் வேலை. அது தெரிய வேண்டுமானால் அளப்பது ஒழுங்காக இருக்க வேண்டும். நடந்துவிட்டு வந்த கையோடு அளந்தால் எண் குறைவாகக் காட்டலாம். டீ குடித்த உடனே அளந்தால் ஏறலாம். காலையில் மாத்திரைக்கும் நடைக்கும் முன்பு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கை மார்பு உயரத்தில் இருக்கும்படி வைத்து அளக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். மேல் எண், கீழ் எண், இரண்டின் இடைவெளி என மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகட்டும்.